இன்ஜெக்டர் க்ளீனிங் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

கேள்வி இதுதான்: "2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பு லிட்டருக்கு 17 கொடுத்தது, இப்போது 15 தாண்டுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் லேசாக உதறுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், டீகார்பனைசிங் மூன்றும் சேர்த்து 5,200 ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். 40,000 தாண்டினாலே இதைச் செய்தாக வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?"

இப்போதைக்குச் செய்ய வேண்டாம். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பனி மாதிரி தெளிக்கும் சின்னக் குழல்; டீகார்பனைசிங் என்றால் இன்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது. முதலில் பார்க்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன, அவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது. அதையெல்லாம் பார்த்த பிறகும் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் மிஞ்சினால் தாராளமாகக் கழுவலாம்.

நான் கோவையில் வொர்க்ஷாப் வைத்து 20 வருடத்துக்கு மேலாகிறது. இன்ஜெக்டர் கழுவும் மெஷின் என்னிடமும் இருக்கிறது, அதில் எனக்கும் வருமானம் உண்டு. ஆனாலும் "இன்ஜெக்டர் க்ளீன் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த மெஷினுக்கு வேலை இல்லாமலே சரியாகிப் போகின்றன. கோளாறு வேறு எங்காவது இருக்கும்.

40,000 தாண்டினால் கழுவ வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவையைச் சரிபார்த்து மாட்டுவது சாதாரண சர்வீஸ் வேலை. மாருதி 800 வண்டிக்கே 2000-ம் ஆண்டு வாக்கில் எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் முறை, வந்துவிட்டது. வண்டி மாறினாலும் "அப்பப்போ கழுவணும்" என்ற பழக்கம் மட்டும் தொழிலில் தங்கிவிட்டது. உங்கள் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுத்து மெயின்டெனன்ஸ் அட்டவணையைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் போட்டிருப்பார்கள். சாதாரண பெட்ரோல் வண்டிக்கு இன்ஜெக்டர் க்ளீனிங் என்று ஒரு வரி அநேகமாக இருக்காது.

அப்படியானால் இன்ஜெக்டர் அழுக்காகவே ஆகாதா? ஆகும். எப்படி ஆகிறது என்று தெரிந்தால், உங்கள் வண்டிக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர் நுனியில் புது பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருப்பதால் அது தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. பிரச்சினை இன்ஜினை அணைத்த பிறகுதான். நுனியில் ஒரு துளி பெட்ரோல் தங்கும். இன்ஜின் சூடு அடங்கச் சற்று நேரம் ஆகும், காற்றோட்டமும் நின்றுவிடும். அந்தச் சூட்டில் துளியில் இருக்கும் லேசான பகுதி ஆவியாகி, கனமான பகுதி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்து, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வந்து அணைக்கும் வண்டியில் இது ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை நடக்கும். வாரா வாரம் சேலமோ மதுரையோ போய் வரும் வண்டியில் 48,000 கிலோமீட்டர் ஓடியும் இன்ஜெக்டர் பளிச்சென்று இருக்கும். ஆகவே உங்கள் 48,000 எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

அடுத்து மைலேஜ். 17-லிருந்து 15 என்றால் கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைந்திருக்கிறது. இதில் ஒரு பகுதிக்குக் காரணம் வண்டியில் இல்லை, பங்க்கில் இருக்கிறது. இப்போது நாம் போடுவது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு அதுவாக இருக்கும்போது மைலேஜ் குறையாமல் எப்படி இருக்கும்? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, சாதாரண பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு (10 சதவீதம் எத்தனால்) ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. 2017 மாடல் அந்த வகையில்தான் வரும். உங்கள் 12-ல் பாதி இதிலேயே போய்விடுகிறது. இந்தப் பாதியை எந்தக் கெமிக்கலைக் கொண்டு கழுவினாலும் திரும்ப வராது. பணம் கட்டிவிட்டு "மைலேஜ் ஏறலையே" என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மீதிப் பாதிக்கு முதலில் அளவே சரிதானா என்று பாருங்கள். மீட்டர் போர்டில் காட்டுவதை நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில், ஒரே மெஷினில், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே இடத்தில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி வகுத்துப் பாருங்கள். இரண்டு முறை செய்தால் நம்பலாம். டயரில் காற்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் மூன்றும் மைலேஜைத் தின்னும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு வீல் டிஸ்க் பக்கமும் கையைத் தொடாமல் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பெட்ரோல் அங்கேதான் போகிறது.

காலை உதறலுக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் எனக்கு உருப்படியான தகவல் இதுதான். காலையில் மட்டும், ஒரு நிமிடம் மட்டும் என்றால் நான் சந்தேகப்படும் வரிசை வேறு. முதலில் பிளக். சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. உங்கள் ஜாப் கார்டுகளில் பிளக் மாற்றியதாக ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடலாம். அடுத்தது த்ராட்டில் பாடி, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினால் வட்டத் தகடு ஒன்று தெரியும். அதன் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்க்கரி படிந்திருந்தால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, போகிற கொஞ்சக் காற்றும் தடைபடும், வண்டி உதறும். எஸ்டிமேட்டில் இருக்கும் மூன்றில், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடியது இது ஒன்றுதான். "கழற்றி எனக்குக் காட்டுங்க, கறுப்பா இருந்தா க்ளீன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டைக் கையால் பலமாகத் தள்ளக் கூடாது. கழுவிய பிறகு சில வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வைத்து ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடிலிங் அளவை வண்டிக்குப் புதிதாகப் பழக்குவது, செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இரவு முழுக்க நிற்கும்போது லைனில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுவது. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. காலையில் சாவியை ஆனில் வைத்து, பம்ப் இரண்டு விநாடி "ஙொய்" என்று ஓடி நிற்பதைக் கேளுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் இல்லாமல் சட்டென்று பிடித்தால், பிரஷர் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பம்ப்பில் உள்ள வால்வாக இருக்கலாம், மூடாமல் சொட்டும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். சொட்டுகிற இன்ஜெக்டர் என்றால் வண்டி சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து எடுத்தாலும் தகராறு செய்யும், புகைக்குழாயில் பெட்ரோல் வாடை அடிக்கும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலும் சில சமயம் தெரியும்.

இவை எதிலும் சிக்கவில்லையென்றால் ஸ்கேனர். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். விளக்கு எரிவதற்கு வெகு முன்னாலேயே வண்டிக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார் சொல்வதை வைத்து, பெட்ரோல் போதவில்லையென்றால் இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறக்கச் சொல்லி கம்ப்யூட்டர் சரிக்கட்டும். எத்தனை சதவீதம் சரிக்கட்டுகிறது என்பதுதான் அந்த எண். லாங் டெர்ம் ட்ரிம் கழித்தலோ கூட்டலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். 20, 25-ஐ ஒட்டிப் போகும்போதுதான் பொதுவாக விளக்கு எரிந்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 என்ற கோளாறு எண் (கோடு) விழும். வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகி ப்ளூடூத்தில் இயங்கும் சின்ன ஓ.பி.டி. அடாப்டர் வாங்கி மொபைலிலேயே இதைப் பார்க்கலாம். நல்ல வொர்க்ஷாப் என்றால் அவர்களே காட்டுவார்கள்.

அந்த எண்ணை இரண்டு இடத்தில் பாருங்கள். வண்டி சூடான பிறகு ஐடிலிங்கில் ஒன்று, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒன்று. ஐடிலிங்கில் 12, 15 என்று கூடுதலாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் 3-க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கும். இன்ஜெக்டரைக் கழுவி ஒரு பயனும் இல்லை. மாறாக, ஐடிலிங்கில் சுமாராக இருந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடுதலானால் பெட்ரோல் வரத்துப் போதவில்லை: அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப் அல்லது இன்ஜெக்டர். அப்போது பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான எண் அந்தந்த மாடல் மேனுவலில் இருக்கும். பிரஷர் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர் பக்கம். பிரஷர் சரியாக இருந்து ட்ரிம் மட்டும் ஏறினால் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும் இப்படிக் காட்டும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று அடைத்தால் கதை வேறு மாதிரி. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் சென்சார் படிக்கிறது. ஒன்றில் பெட்ரோல் குறைந்தால் கம்ப்யூட்டர் நான்குக்கும் கூட்டிக் கொடுக்கும். விளைவாக, நன்றாக இருந்த மூன்றுக்கும் அளவுக்கு மீறிப் போகும், அடைத்த ஒன்றுக்கு அப்போதும் போதாது. மைலேஜும் போகும், உதறலும் வரும். பிளக்கைக் கழற்றி வரிசையாக வைத்தால் ஒன்று வெளுத்தும் மூன்று கறுத்தும் இருக்கும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று சொல்லும் மிஸ்ஃபயர் கோடு பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுவோம், கோடு பி0303 ஆக மாறினால் காயில். மாறவில்லையென்றால் பிளக்கை மாற்றுவோம், அதற்கும் மாறவில்லையென்றால் கடைசியாக இன்ஜெக்டரை மாற்றிப் போடுவோம். எது கூடவே நகர்கிறதோ அதுதான் குற்றவாளி. இதற்குக் கெமிக்கல் எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

இன்ஜெக்டர்தான் என்று தெரிந்த பிறகு எப்படிக் கழுவுவது? மூன்று வழி இருக்கிறது. டேங்க்கில் ஊற்றும் பாட்டில், இன்ஜின் மேலேயே டப்பாவை மாட்டி அதிலிருந்து கெமிக்கலில் ஓட்டுவது, கழற்றி அல்ட்ராசானிக்கில், அதாவது ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் திரவத் தொட்டியில், போடுவது. எஸ்டிமேட்டில் வெறுமனே "இன்ஜெக்டர் க்ளீனிங்" என்றிருந்தால் எந்த வழி என்று கேளுங்கள். விலை வித்தியாசம் அதில்தான். முதல் இரண்டில் முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதில் கண்ணுக்குத் தெரியும், எனக்கு நம்பிக்கை அதில்தான்.

சென்ற வருடம் ஒரு வண்டி வந்தது. பையன் வெளிநாட்டில், அப்பா ஓட்டுவதில்லை. எட்டு மாதம் ஷெட்டில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்ததுமே பழைய வார்னிஷ் வாடை. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டினேன். கீழே நான்கு கண்ணாடிக் குழாய், மில்லி கோடு போட்டது. சுவிட்சைப் போட்டதும் முதல், நான்காவது குழாய்களில் பனி மாதிரி விசிறி விழுகிறது. இரண்டாவதில் பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும் பீய்ச்சுகிறது. மூன்றாவதில் நுனியில் திரண்டு சொட்டுச் சொட்டாக விழுகிறது. நிறுத்திப் பார்த்தால் முதல் குழாயில் 50, மூன்றாவதில் 36. அல்ட்ராசானிக்கில் இருபது நிமிடம் வைத்து, மேலே இருக்கும் குட்டி வலை ஃபில்டரையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டினேன். நான்கும் 49, 50-ல் ஒரே மட்டமாக நின்றன. அந்த அப்பா கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதுதான் முறை. டேங்க்கில் இருந்த பழைய பெட்ரோலையும் முழுக்க இறக்கினோம், இல்லையென்றால் ஒரே மாதத்தில் பழைய கதைதான்.

டேங்க்கில் ஊற்றும் பாட்டில் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். படிவத்தைக் கரைக்கும் பாலிஈதர் அமீன் என்ற கெமிக்கல் உள்ளது என்று பார்த்து வாங்கினால், லேசான படிவத்தை ஒன்றிரண்டு டேங்க்கில் கரைக்கும். பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றிய டேங்க்கை ஒரு நெடும்பயணத்தில் தீர்த்துவிட்டு, அடுத்து ஆயில் மாற்றும் சர்வீஸுக்கு முன் செய்தால் நல்லது. முழுக்க அடைத்ததை அது திறக்காது. தின்னர், மண்ணெண்ணெய் போன்ற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம், ரப்பர் சீல்கள் ஊறிப்போகும். டீகார்பனைசிங் பற்றி என் கருத்து: 48,000 ஓடிய சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு, குறிப்பிட்ட கோளாறு எதுவும் காட்டாமல், தேவையில்லை.

சில வண்டிகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. டி.எஸ்.ஐ., டி-ஜி.டி.ஐ. போன்ற டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே கரி படிந்தால் டேங்க்கில் எதை ஊற்றினாலும் போய்ச் சேராது, காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கிலேயே விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓட்டினால் அந்த இன்ஜெக்டர்கள் காயாமல் இருக்கும். காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பிரஷர் 1,600, 2,000 பார் வரை போகும். அதில் இன்ஜெக்டரைத் தெரியாதவர்கள் தொடவே கூடாது. டீசலுக்குச் சுத்தம் என்றால் முக்கியமாக ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், தண்ணீர் விளக்கு எரிந்ததும் வடிப்பதும்தான்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு மழைக்காலத்தில் என் சொந்த வண்டியே ஒரு பங்க்கில் நிரப்பிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் வருவதற்குள் திணறி நின்றுவிட்டது. டேங்க்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். முதலில் கலங்கலாக இருந்தது, சற்று நேரத்தில் அடியில் இரண்டு விரல்கடை அளவுக்குத் தனி அடுக்கு நின்றது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இப்படி பெட்ரோல் போட்ட உடனே கோளாறு வந்தால் அது இன்ஜெக்டர் அடைப்பு இல்லை. ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே இருக்காமல் டேங்க்கை இறக்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பெட்ரோலில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேட்கலாம், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு நான் செய்வது இது. மூன்று காலை சாவி சோதனை. டேங்க்குக்கு டேங்க் மைலேஜ். பிளக் மாற்றாமல் இருந்தால் புது செட். த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்த்து, கறுத்திருந்தால் மட்டும் சுத்தம். அப்புறம் ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஃப்யூல் ட்ரிம்மை ஐடிலிங்கிலும் 2,500-லும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் 5-க்குள் நின்று, உதறலும் போய்விட்டால் அந்த 5,200 உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். 2,500-ல் 10-ஐத் தாண்டினால் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் சரியாக இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் வைக்கும் இடமாகத் தேடிப் போங்கள். கழுவுவதற்கு முன் ஒரு தடவை, கழுவிய பின் ஒரு தடவை, நான்கு குழாயையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.